செர்ரி ஜாம்: எலுமிச்சையா, கொய்யாவா, பெக்டின் தூளா, களாவா?

மே மாதக் கடைசியிலிருந்து ஜூலை நடுப்பகுதி வரை காரைக்குடி, தேவகோட்டை பழக்கடைகளில் செர்ரி கிடைக்கும். காஷ்மீரிலும் இமாச்சலத்திலும் பறித்த பழம் இங்கே வந்து சேர்வதற்குள் காம்பு காய்ந்து, தோல் லேசாகச் சுருங்கியிருக்கும். விலையும் கொஞ்சநஞ்சமல்ல. அவ்வளவு கொடுத்து வாங்கிய பழத்தை ஜாம் ஆக்க நினைப்பவர், அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே ஒன்றை முடிவு செய்துகொள்ள வேண்டும்: ஜாமை எதைக்கொண்டு இறுக்கப் போகிறோம்? எலுமிச்சையை மட்டும் நம்பலாம். கொய்யாவைத் துணைக்கு அழைக்கலாம். பழங்களில் இயல்பாக இருக்கும் இறுக்குபொருளான பெக்டின், கடையில் தூளாக விற்கிறது; அதைப் போடலாம். செம்மண் காட்டில் விளையும் களாவைச் சேர்க்கலாம். நான்கிலும் ஜாம் வரும். ருசி, நிறம், பதம் மூன்றும் நான்கிலும் வேறு வேறு.

செர்ரி ஏன் தானாக இறுகாது

ஜாம் இறுகுவதற்குப் பெக்டின், புளிப்பு, சர்க்கரை மூன்றும் அளவோடு கூட வேண்டும். பெக்டின் அரை முதல் ஒரு சதவீதம் வரை இருக்க வேண்டும். புளிப்பு, பி.எச். கணக்கில் (எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) 2.8 முதல் 3.3-க்குள் நிற்க வேண்டும். கரைந்த திடப்பொருள், அதாவது பெரும்பாலும் சர்க்கரை, 65 சதவீதத்தைத் தொட வேண்டும். இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகளும் ஜாமுக்கு இந்த 65 சதவீதத்தையே கீழ் வரம்பாக வைத்திருக்கின்றன.

நமக்குக் கிடைப்பது இனிப்புச் செர்ரி. அதன் பி.எச். 4-ஐ ஒட்டி இருக்கும், பெக்டினும் குறைவு. மூன்றில் இரண்டு பழத்திலேயே இல்லை. ஐரோப்பிய சமையல் குறிப்புகள் பலவும் புளிப்புச் செர்ரியை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அதே அளவை இங்கே போட்டால், எவ்வளவு நேரம் கிளறினாலும் பழம் மிதக்கும் சிவப்புப் பாகுதான் மிஞ்சும். இறுகவில்லையே என்று இன்னும் கொதிக்கவிடுவது அடுத்த தவறு. அரை மணி நேரத்துக்கு மேல் கொதித்தால், இருக்கும் கொஞ்சம் பெக்டினும் சிதைந்துபோகும், நிறம் பழுப்பாகும், சர்க்கரை கருகும் வாடை வரும்.

கீழே சொல்லும் அளவுகள் எல்லாம் காம்பும் கொட்டையும் நீக்கிய சதைக்கு. 1 கிலோ சதை வேண்டுமானால் 1.2 கிலோ பழம் வாங்க வேண்டும்.

எலுமிச்சை மட்டும்

1 கிலோ சதைக்கு 750 கிராம் சர்க்கரை, 60 மில்லி எலுமிச்சைச் சாறு. நம் ஊர் எலுமிச்சையில் மூன்று நான்கு பழம் பிழிய வேண்டியிருக்கும். பிழிந்த பழத்தின் கொட்டைகளையும் தோலின் உட்பக்க வெள்ளைப் பகுதியையும் எறியாமல், மெல்லிய துணியில் முடிந்து ஜாமுடன் கொதிக்கவிட்டு, கடைசியில் எடுத்துவிடலாம். எலுமிச்சையின் பெக்டின் அவற்றில்தான் இருக்கிறது.

செர்ரியின் வாசனை கலப்பில்லாமல் வருவது இந்த வழியில்தான். ஆனால் பதம் தளர்வாகவே நிற்கும். கரண்டியில் எடுத்தால் வழியும். பிரெட்டில் தடவினால் ஓரத்தில் இறங்கும். பால் பணியாரத்தின் மேல் ஊற்றவோ ஐஸ்கிரீமோடு சேர்க்கவோ இந்தத் தளர்ச்சி நல்லதுதான். குழந்தைகளின் டிபன் டப்பாவுக்குச் சரிப்படாது. பழம் நன்றாக இருந்து, அரைக் கிலோ அளவில் செய்து, இரண்டு வாரத்தில் காலி செய்துவிடுவதாக இருந்தால் இந்த வழியைத் தேர்ந்தெடுக்கலாம்.

கொய்யாவின் துணை

செங்காயாக இருக்கும் வெள்ளைக் கொய்யா 500 கிராம் வாங்குங்கள். நன்கு பழுத்ததில் பெக்டின் குறைந்திருக்கும், வாசனையோ தூக்கலாக இருக்கும். தோலோடும் விதையோடும் மெல்லியதாக நறுக்கி, 750 மில்லி தண்ணீர் விட்டு, சிறு தீயில் 30 முதல் 40 நிமிடம் வேகவிட வேண்டும். பழைய வெள்ளை வேட்டித் துணியில் கட்டித் தொங்கவிட்டால் மூன்று நான்கு மணி நேரத்தில் சாறு தானாக வடியும். பொறுமையில்லாமல் பிழிந்தால் சாறு கலங்கி, ஜாமின் நிறம் மங்கும். வடிந்ததை 250 மில்லியாகச் சுண்டக் காய்ச்சிக்கொள்ளலாம்.

சாற்றில் பெக்டின் போதுமான அளவு இருக்கிறதா என்று பார்க்க ஓர் எளிய சோதனை உண்டு. ஆறிய சாறு ஒரு தேக்கரண்டி, மருந்துக்கடையில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட் மூன்று தேக்கரண்டி. இரண்டையும் ஒரு சிறிய கிண்ணத்தில் மெதுவாகக் கலந்து ஒரு நிமிடம் விடுங்கள். ஒரே கட்டியாகத் திரண்டு கரண்டியில் தூக்க வந்தால் பெக்டின் தாராளம். சிறு சிறு துணுக்குகளாகப் பிரிந்தால் சாற்றை இன்னும் சுண்டவைக்க வேண்டும். ஸ்பிரிட் விஷம் என்பதால் அந்தக் கிண்ணத்தில் இருப்பதை வாயில் வைக்காமல் கீழே கொட்டிவிட வேண்டும். அடுப்புக்குத் தள்ளி வைத்தே சோதிக்க வேண்டும்.

இந்த 250 மில்லியுடன் 1 கிலோ செர்ரி, 750 கிராம் சர்க்கரை, 40 மில்லி எலுமிச்சைச் சாறு. பதம் நன்றாக, வெட்டினால் விளிம்பு நிற்கும் அளவுக்கு வரும். குறை என்றால் வாசனைதான். கொய்யா பின்னணியில் மெலிதாக நின்றுகொண்டே இருக்கும். செர்ரிக்காக இவ்வளவு செலவழித்தவருக்கு அது உறுத்தலாம். கொய்யாவுக்குப் பதில் விளாங்காய் போடலாமா என்றால், பெக்டின் உண்டு, ஆனால் செர்ரியை அது முழுதாக அமுக்கிவிடும்.

பெக்டின் தூள்

மதுரை, திருச்சியில் கேக் சாமான்கள் விற்கும் கடைகளிலும் இணையத்திலும் கிடைக்கிறது. வாங்கும்போது எந்த வகை என்று பார்க்காமல் வாங்குவதால்தான் பலருக்கும் ஏமாற்றம். ஹை மெத்தாக்சில் வகை, சர்க்கரையும் புளிப்பும் நிறைய இருந்தால்தான் இறுகும். லோ மெத்தாக்சில் வகைக்குக் கால்சியம் வேண்டும். சர்க்கரை குறைவாக இருந்தாலும் இறுகும். வழக்கமான ஜாமுக்கு முதல் வகை.

1 கிலோ செர்ரிக்கு 650 கிராம் சர்க்கரை, 6 கிராம் தூள், 50 மில்லி எலுமிச்சைச் சாறு. தூளை அப்படியே கொதிக்கும் பழத்தில் கொட்டினால் கட்டி கட்டியாகி, பிறகு என்ன செய்தாலும் கரையாது. 60 கிராம் சர்க்கரையுடன் உலர்வாக நன்றாகக் கலந்து, ஒரு கை தூவ, மறுகை கிளற வேண்டும். தூள் கரைந்தபின் மீதிச் சர்க்கரை. எலுமிச்சைச் சாற்றைக் கடைசியில் விட வேண்டும். முன்பே விட்டால் தூள் முழுதாகக் கரையும் முன்பே இறுகத் தொடங்கும். 8 கிராமுக்கு மேல் போனால் ஜாம் ரப்பர் போலாகும்.

இதன் பெரிய நன்மை நேரம். சர்க்கரை சேர்த்தபின் எட்டுப் பத்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடுவதால் பழத்தின் நிறமும் துண்டும் குலையாது. சர்க்கரையைக் குறைக்க நினைப்பவர்களுக்கு லோ மெத்தாக்சில் வகையை விட்டால் வேறு நல்ல வழி இல்லை. அந்த ஜாம் குளிர்பெட்டியை விட்டு வெளியே வரக் கூடாது. மூன்று வாரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும்.

கடற்பாசி போட்டால் என்ன என்று ராமநாதபுரம் பக்கத்து உறவுள்ள வீடுகளில் கேட்பார்கள். இறுகும். ஆனால் உடையும் தன்மையுள்ள கட்டியாக இறுகும்; தடவ வராது. புளிப்போடு வெகுநேரம் கொதித்தால் அதன் பிடிப்பும் தளரும்.

களா

செட்டிநாட்டில் இருப்பவர்களுக்கு எங்கள் தீர்மானமான பரிந்துரை இதுதான். செர்ரியில் இல்லாத புளிப்பும் பெக்டினும் களாவில் அளவுக்கு மிஞ்சி இருக்கின்றன. நிறம் இரண்டுக்கும் ஒரே குடும்பச் சிவப்பு. களாவின் வாசனை மென்மையானது என்பதால் செர்ரியோடு சண்டை போடாது. புளிப்பு கூடும்போது செர்ரியின் நிறமியும் பளிச்சென்று சிவக்கும். எலுமிச்சை தேவையே இல்லை.

பேக்கரி பன்னிலும் கேக்கிலும் 'செர்ரி' என்று ஒட்டியிருக்கும் சிவப்பு உருண்டை பெரும்பாலும் கொட்டை நீக்கிச் சர்க்கரைப் பாகில் ஊறவைத்துச் சாயமேற்றிய களாக்காய்தான். நம்மில் பலர் செர்ரி என்று முதலில் தின்றதே களாவைத்தான்.

ஊறுகாய்க்காகச் சந்தைக்கு வரும் பெருங்களாவை வாங்குங்கள். புதர்க்காட்டில் பறிக்கும் சிறுகளா தின்ன இனிப்பானது. ஜாமுக்குச் சதை போதாது. பச்சை நீங்கி இளஞ்சிவப்பு ஏறிய செங்காய் இரண்டு பங்கு, கருஞ்சிவப்பாகப் பழுத்தது ஒரு பங்கு என்று பொறுக்கினால் சரியாக இருக்கும். முழுக்கப் பழுத்ததில் பெக்டின் குறையும், முழுப் பச்சையில் துவர்ப்பு மிகும்.

களாவில் தொல்லை தருவது அதன் பால். கையிலும் கத்தியிலும் பிசினாக ஒட்டும். நறுக்கவே வேண்டாம். 1 லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி கல்லுப்பு போட்டு, 300 கிராம் காயை முழுதாக அரை மணி ஊறவைத்து, இரண்டு தண்ணீரில் அலசுங்கள். கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டால் காம்பு கிள்ளும்போது ஒட்டாது. பிறகு 250 மில்லி தண்ணீரில் 15 முதல் 20 நிமிடம் வேகவிட்டால் தோல் வெடித்துக் குழையும். மேலே திரளும் நுரையோடு பாலும் சேர்ந்து வரும்; அகப்பையால் வழித்து எறியலாம். மத்தால் மசித்து, எவர்சில்வர் கண் வடிகட்டியில் தேய்த்துக் கூழை எடுங்கள். மிக்சியில் போட்டால் விதை உடைந்து கசக்கும்.

இனி ஜாம். 800 கிராம் செர்ரியை 400 கிராம் சர்க்கரையில் பிரட்டி, இரவு முழுக்கக் குளிர்பெட்டியில் வையுங்கள். இங்குள்ள சூட்டில் வெளியே வைத்தால் விடிவதற்குள் பொங்கிப் புளித்துவிடும். இப்படி ஊறும்போது சர்க்கரை மெதுவாக உள்ளே போய்ச் சாறு வெளியே வரும். ஊறாத பழத்தை நேரே கெட்டிப் பாகில் போட்டால் தோல் சுருங்கித் தோல்துண்டாகக் கடிபடும். காலையில் நடுத்தர தீயில் பத்து நிமிடம் வேகவிட்டு, 200 கிராம் களாக்கூழைச் சேர்த்து, கொதி வந்ததும் மீதி 350 கிராம் சர்க்கரை. சர்க்கரை முழுக்கக் கரையும்வரை தீயைக் கூட்டக் கூடாது. கரையாத மணி ஒன்று பாத்திர ஓரத்தில் ஒட்டியிருந்தாலும் பிறகு பாட்டிலில் கற்கண்டு கட்டும். கரைந்ததும் முழுத் தீ. 12 முதல் 18 நிமிடத்தில் பதம் வரும்.

மீதி 100 கிராம் கூழை உறைபெட்டியில் வைத்தால் அடுத்த தடவைக்கு ஆகும். களா முந்தியும் செர்ரி பிந்தியும் வரும் ஆண்டுகளில் இப்படிச் சேமித்த கூழ்தான் கைகொடுக்கும்.

செர்ரியே கிடைக்காவிட்டால் களாவை மட்டும் வைத்தும் செய்யலாம். கூழுக்குச் சம எடை சர்க்கரை, வேறொன்றும் வேண்டாம். ஆனால் அது சட்டென்று இறுகும். கொஞ்சம் கண்ணயர்ந்தால் அல்வாப் பதத்துக்குப் போய்விடும். புளிப்பு அளவு மீறியதால் இரண்டு நாளில் மேலே தண்ணீர் பிரிந்தும் நிற்கும். செர்ரியும் களாவும் நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் கலந்தால் ஒன்றின் குறையை மற்றது சரிசெய்துவிடுகிறது.

பதம் பார்ப்பது

பலகாரக் கை உள்ள ஆச்சிமார்கள் விரலிடுக்கில் கம்பிப் பதம் பார்ப்பார்கள். அதிரசப் பாகுக்கு அது போதும். ஜாமில் கம்பி, சர்க்கரையின் அடர்த்தியை மட்டுமே காட்டும்; பெக்டின் பிடித்ததா என்பதைக் காட்டாது. சூட்டில் ஜாம் எப்போதும் தளர்வாகத்தான் தெரியும். சின்ன எவர்சில்வர் தட்டைப் பத்து நிமிடம் உறைபெட்டியில் வைத்து, ஒரு சொட்டு விட்டு, ஒரு நிமிடம் கழித்து விரலால் தள்ளுங்கள். மேலாடை சுருங்கினால் இறக்கிவிடலாம். சோதிக்கும் நேரத்தில் அடுப்பை அணைத்துவைக்க மறக்கக் கூடாது.

வெப்பமானி இருந்தால் 104 முதல் 105 டிகிரி செல்சியஸ். அதைவிட நம்பகமானது எடை. காலிப் பாத்திரத்தின் எடையை முன்பே குறித்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன செர்ரி-களா அளவில் சரக்கு 1.75 கிலோவில் தொடங்கி, 1.35 முதல் 1.4 கிலோவுக்கு இறங்கும்போது 65 சதவீதம் வந்திருக்கும். தராசின் மேல் மரப்பலகை வைத்து அதன்மேல் பாத்திரத்தை வைத்தால் தராசு கெடாது. ஒரு தடவைக்கு ஒன்றரைக் கிலோ பழத்துக்கு மேல் போடாதீர்கள். அளவு கூடினால் நீர் வற்ற நேரம் கூடும், அதற்குள் நிறம் போய்விடும்.

முழுதாக இறுக ஒரு நாள் ஆகும். மாலையிலேயே தளர்வாக இருக்கிறது என்று திரும்ப அடுப்பேற்றுவதால் கெட்ட ஜாம்தான் அதிகம்.

சர்க்கரையும் பாத்திரமும்

வெள்ளைச் சர்க்கரைதான். நாட்டுச்சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி மூன்றும் உடம்புக்கு நல்லது என்று கேட்பவர்களுக்கு ஒரு காரணம் சொல்ல வேண்டும். வெல்லம் காய்ச்சும்போது அழுக்கெடுக்கவும், பதநீர் புளிக்காமலிருக்கவும் சுண்ணாம்பு சேர்க்கிறார்கள். அந்தச் சுண்ணாம்பு ஜாமின் புளிப்பைக் குறைக்கும். புளிப்பு குறைந்தால் இறுகுவதும் குறையும், சிவப்பும் மண்நிறமாகும். விருப்பமிருந்தால் மொத்தச் சர்க்கரையில் பத்தில் ஒரு பங்கு பனங்கற்கண்டு போடலாம்.

அகலமான, அடிகனத்த எவர்சில்வர் பாத்திரம் போதும். பித்தளை உருளியில் ஈயப்பூச்சு தேய்ந்திருந்தால் புளிப்பு உலோகத்தை அரிக்கும். அலுமினியமும் இரும்பும் செர்ரியின் சிவப்பை நீலம் பாய்ந்த கருஞ்சிவப்பாக்கும்.

கொட்டை எடுக்க வாய் குறுகிய பாட்டிலின் மேல் பழத்தை வைத்து, தடித்த குச்சியால் குத்தினால் கொட்டை உள்ளே விழும். செர்ரிக்கொட்டையை உடைக்கவோ அரைக்கவோ கூடாது. உள்பருப்பிலிருந்து சயனைடு உண்டாகும். இந்த வேலையை ஆத்தங்குடிக் கல் பாவிய தரையில் உட்கார்ந்து செய்யாதீர்கள். அது சிமெண்டில் ஆனது. செர்ரிச் சாறு கறையாகும், எலுமிச்சை பட்ட இடம் பொரிந்து பளபளப்பு போகும். ஒரு பெரிய எவர்சில்வர் தாம்பாளத்துக்குள் வைத்துச் செய்வது நல்லது.

செர்ரி என்ற பெயரில் வேறு இரண்டு

வீட்டுத் தோட்டத்தில் வளரும் மேற்கிந்தியச் செர்ரிக்கும் கடைச் செர்ரிக்கும் உறவில்லை. நல்ல புளிப்பு; ஒரு பழத்தில் மூன்று கொட்டை இருப்பதால் வேகவைத்து வடிகட்டித்தான் சதை எடுக்க முடியும். வைட்டமின் சி நிறைய என்று ஜாம் போடுகிறார்கள். கொதியில் அதில் ஒரு பகுதி போய்விடும், சிவப்பும் செங்கல் நிறமாகும். பறித்த இரண்டு நாளில் கெட்டுவிடுவதால், மரம் நிறையக் காய்த்துக் கொட்டும்போது மட்டும் செய்யலாம். தெருவோர மரத்தில் பிள்ளைகள் பறிக்கும் தேன்பழத்தை, சிலர் சிங்கப்பூர் செர்ரி என்பார்கள், ஜாமுக்கு எடுக்க வேண்டாம். புளிப்பே கிடையாது.

வைத்துக்கொள்வது

ஊறுகாய் ஜாடி இருக்கும்போது பாட்டில் எதற்கு என்று தோன்றும். பீங்கான் ஜாடியின் மூடி காற்றை அடைக்காது. ஊறுகாயை உப்பும் மேலே நிற்கும் எண்ணெயும் காக்கின்றன. ஜாமுக்கு அந்தக் காவல் இல்லை. மழைக்காலத்தில் மேற்பரப்பு ஈரம் இழுத்து, அந்த இடத்தில் சர்க்கரை நீர்த்து, பூசணம் பிடிக்கும். 200, 250 கிராம் கண்ணாடி பாட்டில்களைத் தண்ணீரில் மூழ்கப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, சூடாக இருக்கும்போதே, 85 டிகிரிக்குக் குறையாத ஜாமை அரை விரற்கடை இடம்விட்டு ஊற்றி, புது மூடியால் இறுக்கி, இரண்டு நிமிடம் கவிழ்த்து வைக்க வேண்டும். பழம் எல்லாம் மேலே மிதந்தால், அடுத்த தடவை இறக்கியபின் ஐந்து நிமிடம் பொறுத்து, ஒரு முறை கிளறிவிட்டு ஊற்றுங்கள்.

வெயில் படாத, காற்றோட்டமுள்ள உள்கட்டு அறையில் திறக்காத பாட்டில் ஆறு மாதம் நல்லபடியாக இருக்கும். சமையலறை அலமாரியில், அடுப்புக்கு மேலே வைத்தால் இரண்டு மாதத்திலேயே சிவப்பு மங்கும். திறந்த பாட்டில் குளிர்பெட்டியில்தான் இருக்க வேண்டும். ஈரக் கரண்டி படாமல் இருந்தால் ஒரு மாதம் தாங்கும். பூசணம் கண்டால் மேலே மட்டும் வழித்துவிட்டு மீதியைச் சாப்பிடக் கூடாது. அதன் வேர் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே இறங்கியிருக்கும். பாட்டிலோடு கொட்டிவிட வேண்டும்.